கதை கேட்டுச் சீனம் கற்றவர்கள்



ஒரு மொழியை இலக்கணத்திலிருந்து கற்கலாம், சொற்பட்டியலிலிருந்து கற்கலாம், கடைத்தெருவிலிருந்தும் கற்கலாம். கதையிலிருந்து கற்பது என்பதும் ஒரு வழி. இந்த வழி ஏதோ நேற்றுப் புதிதாகத் தோன்றியதன்று. சீன மொழியைப் பொறுத்தவரை, பல நூற்றாண்டுகளாகப் பல நாட்டார் இந்த வழியில் நடந்திருக்கிறார்கள். அந்த வரலாற்றை இன்று சுருக்கமாகப் பார்ப்போம். பிறகு, அது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு எவ்வகையில் பயன்படும் என்பதையும் சிந்திப்போம்.

சிலிம் ரிவர், துரோலாக், பேராங், சுங்காய், பீடோர் ஆகிய இப்பகுதிகளில் தமிழரும் சீனரும் மூன்று நான்கு தலைமுறைகளாக அக்கம்பக்கமாக வாழ்கிறோம். நாம் லயத்தில் இருந்தோம். அவர்கள் கடைவீதியிலும், 1950க்குப் பின் அவசரகாலத்தில் அமைக்கப்பட்ட புதுக்கிராமங்களிலும் இருந்தார்கள். தவுக்கே கடையில் அரிசி, மண்ணெண்ணெய், கருவாடு எல்லாம் கடனுக்கு வாங்கினோம். இத்தனை காலத்தில் நம் முன்னோர் கற்றுக்கொண்ட சீனம் எவ்வளவு? எண்கள் சில, விலை கேட்கும் சொற்கள் சில, பொறுக்கி எடுத்த ஏச்சுச் சொற்கள் சில. சந்தைக்கு அது போதுமானதாக இருந்தது. ஆனால் சந்தையில் கற்ற மொழி சந்தையோடு நின்றுவிடும். பக்கத்து வீட்டாரின் மனம் எதை நினைத்து மகிழ்கிறது, எதை நினைத்து வருந்துகிறது என்பதை அது சொல்லித் தராது.

சீனர் காப்பிக்கடைகளில் ஒரு சிறு மாடம் இருக்கும். அதில் சிவந்த முகமும் நீண்ட கருந்தாடியும் கையில் பெரிய வாளும் கொண்ட ஒருவரின் உருவத்தைப் பலரும் கண்டிருப்பீர்கள். அவருக்குச் சாமி என்று பெயரிட்டுவிட்டு நாம் காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிடுகிறோம். அவர் பெயர் குவான் யூ. மக்கள் வழக்கில் குவான் கோங். வாக்குத் தவறாமைக்கு அடையாளமாகச் சீனர் அவரைப் போற்றுகிறார்கள். அவர் வரலாற்றில் உண்மையாக வாழ்ந்த படைத்தலைவர். அவருடைய புகழை ஊர்தோறும் கொண்டு சேர்த்ததில் பெரும்பங்கு ஒரு நவீனத்திற்கு உண்டு. அதன் பெயர் மாண்டரின் மொழியில் சான் குவோ யென் யி. மலாயாவின் ஹொக்கியன் சீனர் அதைச் சாம் கோக் என்றனர். மூன்று அரசுகளின் கதை என்பது பொருள். நம் முன்னோர் சந்தையில் மூன்று என்பதற்குக் கற்றுக்கொண்ட அதே 'சாம்'தான் இந்நூலின் பெயரிலும் இருக்கிறது.

ஹான் பேரரசு கி.பி. 184இல் எழுந்த உழவர் கிளர்ச்சியால் ஆட்டங்கண்டது. 220இல் அது முடிவுற்றது. வெய், ஷு, வூ என்ற மூன்று அரசுகள் தோன்றின. 280இல் நாடு மீண்டும் ஒன்றாயிற்று. ஏறத்தாழ நூறாண்டுகள் நடந்த இப்போராட்டமே கதையின் களம். நூலை 14ஆம் நூற்றாண்டினரான லுவோ குவான்சோங் இயற்றியதாகக் கூறுவர். இன்று கிடைக்கும் மிகப் பழைய அச்சுப் பிரதி 1522ஆம் ஆண்டுக்குரியது. இப்போது பரவலாகப் படிக்கப்படுவது 17ஆம் நூற்றாண்டில் மாவ் லுன், மாவ் சோங்காங் என்ற தந்தையும் மகனும் திருத்தியமைத்த 120 அத்தியாயப் பதிப்பு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாந்தர் இதில் வருகிறார்கள்.

ஆனால், நேயர்களே, இந்தக் கதை நூலாவதற்கு முன்பே மக்கள் காதில் விழுந்துவிட்டது. 11ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சு ஷி ஒரு செய்தியைக் குறித்து வைத்திருக்கிறார். தெருவில் குறும்பு செய்யும் பிள்ளைகளை அடக்க முடியாத பெற்றோர், அவர்கள் கையில் காசு கொடுத்துக் கதைசொல்லியிடம் அனுப்பிவிடுவார்களாம். மூன்று அரசுகளின் கதையில் லியூ பெய் தோற்றான் என்று கேட்டால் பிள்ளைகள் முகம் சுருங்கிக் கண்ணீர் விடுவார்கள். சாவ் சாவ் தோற்றான் என்று கேட்டால் துள்ளிக் குதிப்பார்கள். லுவோ குவான்சோங் எழுதுவதற்கு ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே நிலைமை இதுதான். 1320களில் அச்சான ஒரு பழைய கதைநூலில் பக்கத்தின் மேற்பகுதியில் படமும் கீழ்ப்பகுதியில் எழுத்தும் உள்ளன. கேட்டவர்கள் பார்த்தார்கள்; பார்த்தவர்கள் படித்தார்கள் என்று இவ்வரிசையைச் சொல்லலாம்.

அச்சு நூலான பின்னரும் அதன் பேச்சு வாடை போகவில்லை. அத்தியாயம் பெரும்பாலும் கதைசொல்லி தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்குவது போன்ற ஒரு வாய்பாட்டுடன் ஆரம்பிக்கும். முடிவில், பிறகு என்ன நடந்தது என்பதை அடுத்த பகுதியில் கேளுங்கள் என்ற பொருளில் முடியும். படிக்கச் சொல்லவில்லை, கேட்கச் சொல்கிறது. கண்ணால் படிப்பவனிடமும் காதைத் திறந்து வைக்கச் சொல்லும் நூல் இது. மொழி கற்பவனுக்கு இந்த வாய்பாடுகள் பெரிய உதவி. நூறு முறை வரும் தொடரை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அது தானாகவே மனத்தில் தங்கிவிடும்.

இனி, வேற்று நாட்டார் இந்தக் கதைகளை வைத்து மொழி பயின்ற வரலாற்றுக்கு வருவோம்.

கொரிய நாட்டில் அரசு மொழிபெயர்ப்பாளர்களைப் பயிற்றுவிக்கச் சாயோக்வொன் என்ற அலுவலகம் இருந்தது. அங்கே சீனம் கற்பிக்க நோகோல்தே, பாக் தோங்சா என்ற இரண்டு உரையாடல் நூல்கள் வழங்கின. நோகோல்தே வணிகரின் பேச்சு. அதில் வணிகர் சீனாவில் வாங்கும் பொருள்களின் பட்டியலில் மூன்று அரசுகளின் கதைப் புத்தகமும் இடம்பெறுகிறது. பாக் தோங்சாவில் இருவர் உரையாடும்போது, குரங்கு வீரன் வரும் மேற்குப் பயணக் கதையை வாங்கப் போவதாக ஒருவர் கூற, கதையின் ஒரு பகுதியே அங்குச் சொல்லப்படுகிறது. இலக்கணம் கற்பிக்க வந்த நூலே மாணவனுக்குக் கதையைக் காட்டி ஆசையூட்டுகிறது.

மஞ்சு இனத்தார் 1644இல் பெய்ஜிங்கைக் கைப்பற்றினர். ஆறே ஆண்டுகளில், 1650இல், மூன்று அரசுகளின் கதை மஞ்சு மொழியில் வெளிவந்துவிட்டது. புதிய ஆட்சியாளர்கள் தாம் ஆளவந்த மக்களின் போர்முறையையும் மனப்போக்கையும் அறிய இந்நூலை நாடினர். இதில் ஒரு வேடிக்கை உண்டு. மஞ்சு மொழி தெரிந்த ஆட்கள் கொரியருக்கும் தேவைப்பட்டார்கள். அவர்கள் அந்த மஞ்சு மொழிபெயர்ப்பிலிருந்தே பகுதிகளைத் தேர்ந்து, பக்கத்தில் கொரிய எழுத்தில் ஒலிப்பும் பொருளும் தந்து, 1703இல் ஒரு பாடநூல் அச்சிட்டனர். ஒரே கதை இரண்டு மொழிகளுக்கு வாசலாயிற்று.

ஜப்பானில் நாகசாகித் துறைமுகத்தில் சீன வணிகர்களோடு பேசும் மொழிபெயர்ப்பாளர் குடும்பங்கள் இருந்தன. அங்குப் பயின்ற ஓகாஜிமா கான்சான் என்பவர் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடோ நகர அறிஞர்களுக்குப் பேச்சுச் சீனம் கற்பித்தார். சாதாரண சீன வாசகத் தொகுப்பு ஒன்றை 1716இல் வெளியிட்டார். நீர்க்கரைக் கதை எனப்படும் சுய் ஹு சுவான் என்ற சீன நவீனத்தின் முதற்பகுதி, ஜப்பானியர் படிப்பதற்கேற்ற குறிகளோடு 1728இல் அவர் பெயரில் வெளிவந்தது. ஆயிரம் ஆண்டுகளாகச் சீன நூல்களைப் பயின்றுவந்த ஜப்பானிய அறிஞர்களுக்குக் கன்பூசியசின் நூல்கள் தெரியும். ஆனால் உயிருள்ள சீனர் ஒருவர் எப்படிப் பேசுவார் என்பது தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள நவீனங்களிடம் செல்ல வேண்டியிருந்தது.

ஐரோப்பியரும் இதே வழிக்குத்தான் வந்தார்கள். கன்டன் நகரில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி வணிகரான ஜேம்ஸ் வில்கின்சனின் தாள்களிடையே ஒரு சீன நவீனத்தை மொழிபெயர்த்த கையெழுத்துப் பிரதி கிடைத்தது. அதில் 1719ஆம் ஆண்டு குறிக்கப்பட்டிருந்தது. முக்கால் பாகம் ஆங்கிலத்திலும் கடைசிக் கால் பாகம் போர்த்துகீசிய மொழியிலும் இருந்தது. அதை 1761இல் லண்டனில் பதிப்பித்த தாமஸ் பர்சி, இது சீனம் கற்பவர் ஆசிரியரை வைத்துக்கொண்டு செய்த பயிற்சி என்றே கருதினார். 1846இல் ராபர்ட் தாம் என்ற பிரிட்டிஷ் தூதர், பெய்ஜிங் பேச்சைக் கற்பிக்க நிங்போவில் வெளியிட்ட பாடநூலில் சிவப்பு மாளிகைக் கனவு என்ற நவீனத்தின் பகுதியைச் சேர்த்தார். 1892இல் அதே நவீனத்தை மொழிபெயர்த்த ஜோலி என்பவரும், சீனம் பயிலும் மாணவருக்கு உதவுவதே தம் நோக்கம் என்று முன்னுரையில் கூறினார்.

இதைக் கேட்கும்போது நம் தமிழின் நினைவு வராமல் போகாது. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் இயற்றிய பரமார்த்த குரு கதையை நாம் சிரித்துக்கொண்டே படித்திருக்கிறோம். 1822இல் பாபிங்டன் என்பவர் அதை லண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்போடும் சொற்பொருளோடும் பதிப்பித்தது, தமிழ் பயிலும் வெள்ளையருக்காக. சென்னைக் கோட்டைக் கல்லூரியைச் சேர்ந்த தாண்டவராய முதலியார் 1826இல் பஞ்சதந்திரத்தைத் தமிழ் உரைநடையில் தந்தார். அதுவும் கம்பெனி அதிகாரிகளின் தமிழ்ப் படிப்புக்குப் பயன்பட்டது. எந்த மொழியானாலும் அந்நியன் உள்ளே நுழைய நல்ல வாசல் கதையே என்பதற்கு நம் மொழியும் சான்று பகர்கிறது.

இப்போது நம் பேராக் மாநிலத்துக்கு வருவோம். 1860களிலும் 70களின் தொடக்கத்திலும் லாருட் ஈயச் சுரங்கங்களுக்காக கீ ஹின், ஹை சான் என்ற இரண்டு சீனச் சங்கங்கள் மோதிக்கொண்டன. புதிதாகச் சங்கத்தில் சேருவோர் சகோதர உறுதிமொழி எடுப்பர். லியூ பெய், குவான் யூ, சாங் ஃபெய் ஆகிய மூவரும் பீச் மரத் தோட்டத்தில் ஒரே நாளில் சாகவும் துணிவோம் என்று செய்துகொண்ட சத்தியம் இவ்வகைச் சங்கங்களுக்கு முன்மாதிரி. அக்காட்சி அந்நவீனத்தின் முதல் அத்தியாயத்திலேயே வருகிறது. கதையை அறியாத அதிகாரிக்கு அச்சடங்கு வெறும் கூச்சலாகத் தோன்றும். 1874 ஜனவரியில் பங்கோர் உடன்படிக்கைக்குமுன் சீனத் தலைவர்களோடு பேச அனுப்பப்பட்டவர் பிக்கரிங் என்பவர். சீனாவிலும் தைவானிலும் பல்லாண்டுகள் வாழ்ந்து, சீன வட்டார மொழிகள் சிலவற்றைப் பேசக் கற்றவர். 1877இல் சிங்கப்பூரில் சீனர் பாதுகாவலராக முதன்முதல் நியமிக்கப்பட்டவரும் அவரே. சட்டம் படித்தவர் பலர் இருந்தும், மொழியறிந்த ஒருவரைத்தான் அனுப்ப வேண்டியிருந்தது.

மலாயா மண்ணில் இக்கதைக்கு இன்னொரு பிறவியும் வாய்த்தது. பாபா எனப்படும் பெரனாக்கான் சீனர் வீட்டில் ஹொக்கியன் கலந்த மலாய் பேசினர். அவர்களில் பலருக்குச் சீன எழுத்துத் தெரியாது. பினாங்கில் 1851இல் பிறந்த சான் கிம் பூன் என்பவர் சிங்கப்பூரில் வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் பணிபுரிந்துகொண்டே, 1892 முதல் 1896 வரை சாம் கோக்கைப் பாபா மலாய் மொழியில், ரோமன் எழுத்தில், பல பாகங்களாக வெளியிட்டார். பின்னர் நீர்க்கரைக் கதையையும் குரங்கு வீரன் கதையையும் அவ்வாறே தந்தார். எழுத்தை இழந்த மக்களுக்குக் கதையையாவது மீட்டுக் கொடுத்தார். மாந்தர் பெயர்களை ஹொக்கியன் ஒலிப்பிலேயே வைத்தார். மொழி கைநழுவினாலும் கதை கையில் இருந்தால் திரும்பிச் செல்ல ஒரு பாதை மிஞ்சும் என்பதை அவர் பணி காட்டுகிறது.

அடுத்தது வானொலி. 1949இல் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் ரீடிஃபியூஷன் என்ற கம்பிவழி ஒலிபரப்பு தொடங்கியது. சிங்கப்பூர் நிலையத்தில் லீ டாய் சோ காண்டோனீசிலும், ஓங் தோ ஹொக்கியனிலும், இங் சியா கெங் தியோச்சியுவிலும் கதை சொன்னார்கள். அவர்களுடைய கதை நேரத்தில் காப்பிக்கடைகளில் கூட்டம் கூடும். 1979இல் சிங்கப்பூர் அரசு மாண்டரின் பேசும் இயக்கத்தைத் தொடங்கியது. அதன் விளைவாக வட்டார மொழி நிகழ்ச்சிகள் 1982இல் நின்றன. அதே 1980களில் சீனாவில் யுவான் குவோசெங் என்ற புகழ்பெற்ற கதைசொல்லி மூன்று அரசுகளின் கதையை மாண்டரினில் 365 பகுதிகளாக வானொலியில் சொன்னார். நாளுக்கு ஒன்றாகக் கேட்டால் சரியாக ஓராண்டுக்கு வரும். அந்த ஒலிப்பதிவுகள் இன்றும் கேட்கக் கிடைக்கின்றன.

படிப்பதும் கேட்பதும் சேர்ந்தே நடக்க வேண்டும் என்பதற்குச் சீன மொழியில் தனிக் காரணம் உண்டு. தமிழில் 'மரம்' என்று எழுதினால் எழுத்தே ஒலியைச் சொல்லிவிடும். சீன எழுத்து பொருளைக் காட்டும்; ஒலியை முழுவதும் காட்டாது. லியூ பெய் என்று மாண்டரினில் படிக்கும் அதே எழுத்துகளைக் காண்டோனீசில் லாவ் பெய் என்று படிப்பார்கள். பள்ளியில் மாண்டரின் கற்ற பிள்ளை ஈப்போ கடைத்தெருவில் காண்டோனீஸ் கேட்டுத் திகைப்பது இதனால்தான். மேலும் சீனத்தில் ஒரே அசை, குரல் ஏற்ற இறக்கத்தால் வேறு வேறு பொருள் தரும். அதைத் தாள் கற்பிக்காது. காதுதான் கற்பிக்க வேண்டும். ஒலியை மட்டும் கேட்டவன் எழுத்தறியான். எழுத்தை மட்டும் படித்தவன் வாய் திறவான். இரண்டையும் ஒன்றாகக் கட்டும் கயிறாகக் கதை உதவுகிறது. கதை முன்பே தெரிந்திருப்பதால் பாதி சொல் புரியாவிட்டாலும் மனம் தொடர்ந்து செல்லும்.

இது நமக்கும் அனுபவமே. 1942 ஜனவரி 7ஆம் நாள் விடியுமுன் ஜப்பானிய டாங்கிகள் துரோலாக்கிலிருந்து சிலிம் நோக்கி நெடுஞ்சாலையில் உருண்டு வந்த செய்தியை இவ்வூரில் வளர்ந்தோர் பெரியவர்கள் வாயிலாகக் கேட்டிருப்பார்கள். அதன்பின் வரலாற்று நூலில் படித்தால் சட்டென்று பதியும். காது முன்னே போனால் கண் பின்னே போவது எளிது.

இதன் குறையையும் சொல்ல வேண்டும். மூன்று அரசுகளின் கதை பழைய நடை கலந்தது. அதை மட்டும் படித்தவர் மருந்துக்கடையில் போய் இருமல் மருந்து கேட்க முடியாது. ஆகவே தொடக்கநிலை மாணவர் மூல நூலில் இறங்கக் கூடாது. சிறுவர் சுருக்கப் பதிப்புகள் உண்டு. 1950களில் ஷாங்காயில் வெளிவரத் தொடங்கிய 60 சிறு படப் புத்தகங்கள் பெரும்புகழ் பெற்றவை. படம், சுருக்கம், ஒலிப்பதிவு, கடைசியில் மூலம் என்ற வரிசையே பொருத்தமானது. அன்றாடப் பேச்சைப் பள்ளியும் பக்கத்து வீடும் கற்பிக்கட்டும். அந்தப் பேச்சுக்குப் பின்னால் நிற்கும் நினைவைக் கதை கற்பிக்கட்டும். யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவரே வந்து நின்றால் நாம் 'உனக்கு ஆயுசு நூறு' என்கிறோம். சீனர், சாவ் சாவைப் பற்றிப் பேசினால் சாவ் சாவே வந்துவிடுவான் என்பர். கதை தெரியாதவனுக்கு அந்தப் பேச்சில் வேலையில்லை.

நேயர்களே, இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்களில் லயங்கள் காலியாயின. குடும்பங்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தன. தமிழ்ப் பெற்றோரில் ஒரு பகுதியினர் பிள்ளைகளைச் சீனப்பள்ளிக்கு அனுப்புகிறார்கள். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் பணியாற்றும் எனக்கு இதில் வருத்தம் இல்லை என்று சொன்னால் அது உண்மையாகாது. ஒரு பிள்ளை குறைந்தாலும் எங்கள் வகுப்பில் அது தெரியும். இருந்தும், அந்தப் பிள்ளையின் நிலையைத்தான் நான் முதலில் எண்ணுகிறேன். அது கொண்டுவரும் வீட்டுப்பாடத்தில் ஓர் எழுத்தைக்கூடத் தாயால் படிக்க முடிவதில்லை. கையெழுத்து மட்டும் போடுகிறார். பிள்ளை சீனத்தில் தனியாக நடக்கிறது. தமிழில் மெல்ல மெல்லப் பின்தங்குகிறது. இரண்டு கரைக்கும் நடுவே பிள்ளை நிற்கிறது.

இங்கேதான் கதை கைகொடுக்கும். சீன எழுத்துப் பயிற்சியில் தாய் பங்குகொள்ள முடியாது. ஆனால், 'இன்று பள்ளியில் படித்த கதையைத் தமிழில் எனக்குச் சொல்' என்று கேட்க எந்தத் தாயாலும் முடியும். குவான் யூ எப்படி வாக்குக் காத்தார் என்று பிள்ளை சோறு உண்ணும்போது தமிழில் சொல்லட்டும். சொல்வதற்காகவே சீனத்தில் ஊன்றிப் படிக்கும். சொல்லும்போது தமிழ்ச் சொற்களைத் தேடும். கேட்ட தாய் கர்ணன் கதையைத் திருப்பிச் சொல்லட்டும். நன்றிக்காக உயிர் கொடுத்தவன் நம்மிடமும் இருக்கிறான் அல்லவா? தமிழ்ப்பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். சீனம் அவர்களுக்குப் பாடமாக இல்லாவிட்டாலும், பக்கத்து மேசைச் சீன நண்பனின் கதையைத் தமிழில் அறிந்திருப்பது தீங்காகாது.

இந்த வாரம் காப்பிக்கடைக்குப் போகிறவர்கள், மாடத்தில் இருக்கும் அந்தச் செம்முகத்தாரைக் காட்டி, கடைக்காரரிடம் அவர் கதையைக் கேட்டுப் பாருங்கள். மலாயில் கேட்டாலும் போதும். அவர் சொல்லத் தொடங்கும்போது, பெயர்களை மட்டும் அவர் வாயில் வரும் ஒலியிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். அவையே உங்கள் முதற்பாடம்.